வெள்ளைச் சர்க்கரையை நிறுத்தியவர்களுக்கு: கேக், ரொட்டி, கொம்புச்சா விவகாரங்கள்

ஜனவரி 9: கேள்வி

வீட்டில் வெள்ளைச் சர்க்கரையை முழுக்க நிறுத்திவிட்டேன். ஆர்கானிக் சர்க்கரையில் தாதுச்சத்து இருப்பதால் ஈஸ்ட் இரண்டு மடங்கு வேகமாகப் பொங்கும், வெள்ளைச் சர்க்கரையில் இருக்கும் ரசாயனம் கொம்புச்சா தாயை (இனிப்புத் தேநீரைப் புளிக்கவைக்கும் நுண்ணுயிர்ப் படலத்தை) கொன்றுவிடும் என்றெல்லாம் சொல்கிறார்கள். ஆனால் மாறியதிலிருந்து என் கேக் மேலே புள்ளி புள்ளியாகவும் ஓரத்தில் பிசுபிசுப்பாகவும் வருகிறது. அளவு எதையும் மாற்றவில்லை. ஏன்?

ஜனவரி 9, இரவு

முதலில் அந்தக் கொலைப்பழியைத் தீர்த்துவிடலாம். வெள்ளைச் சர்க்கரை கொம்புச்சா தாயைக் கொல்லாது. என் ஜாடியில் இருப்பது ஐந்தாவது வருடமாக வெள்ளைச் சர்க்கரையைத் தின்றே வளர்கிறது. கேட்டவர்களுக்கெல்லாம் கிழித்துக் கொடுத்தும் தீரவில்லை.

வெள்ளைச் சர்க்கரை ஏறக்குறைய 99.9 சதவீதம் சுக்ரோஸ். வெளிர் பொன்னிறத்தில் வரும் ஆர்கானிக் சர்க்கரையும் 99 சதவீதத்துக்கு மேல் அதே சுக்ரோஸ்தான். மிச்சமெல்லாம் படிகத்தின்மேல் ஒட்டியிருக்கும் மொலாசஸ் (சர்க்கரை எடுத்தபின் மிஞ்சும் கறுப்புப் பாகு) படலமும் கொஞ்சம் ஈரமும். அந்தத் தாதுச்சத்தை நம்பி கீரை சாப்பிடுவதை விட்டுவிடாதீர்கள்.

ஆர்கானிக் என்பது கரும்பு எப்படி விளைந்தது, ஆலையில் எதைச் சேர்க்கக் கூடாது என்பதைப் பற்றிய சொல். அதற்காக வாங்குவதில் நியாயம் இருக்கிறது. நான் வாங்கத் தொடங்கியது வேறு காரணத்துக்காக: சில கரும்புச் சர்க்கரை ஆலைகளில் நிறம் நீக்க மாட்டு எலும்புக் கரியில் வடிகட்டுவார்கள், ஆர்கானிக்கில் அது கிடையாது. என் மகள் பால்கூடத் தொடாதவள். அவளுக்காக மாறினேன். ஈஸ்டுக்காக அல்ல.

புள்ளிகளைப் பற்றி நாளைக்கு. ஓவனில் ஒன்று கிடக்கிறது.

ஜனவரி 10

புள்ளிக்குக் காரணம் படிகத்தின் அளவு. ஆர்கானிக் சர்க்கரை பெரும்பாலும் பரும்படியாகத்தான் வருகிறது. வெண்ணெயையும் சர்க்கரையையும் அடிக்கும்போது வெறும் இனிப்பு கலக்கும் வேலை மட்டும் நடப்பதில்லை. படிகத்தின் முனைகள் வெண்ணெயைக் கீறிக் கீறிக் காற்றை உள்ளே இழுக்கின்றன. பேக்கிங் பவுடர் புதிதாகக் குமிழி உண்டாக்குவதில்லை, இருக்கும் குமிழியை ஊதிப் பெரிதாக்கத்தான் செய்யும். ஆகவே அடிக்கும்போது எத்தனை குமிழி பிடித்தீர்களோ அத்தனைதான். பெரிய படிகம் என்றால் கீறல் குறைவு, குமிழி குறைவு.

அதோடு பெரிய படிகம் முழுக்கக் கரையாது. முட்டை, பால் எல்லாம் சேர்ந்த பிறகும் மாவுக்குள் மணலாகவே நிற்கும். ஓவனில் மேற்பரப்புக்கு அருகில் இருப்பவை உருகிப் பழுப்புப் புள்ளியாகின்றன. ஓரத்தில் உருகியது பாகாகி ஒட்டுகிறது. இதுதான் உங்கள் பிசுபிசுப்பு.

மிக்ஸியில் விட்டு விட்டு நான்கைந்து சுற்று சுற்றுங்கள். நைஸ் ரவை பதம் போதும்.

ஜனவரி 10, சற்று நேரம் கழித்து

எழுத மறந்தது: அரைத்த சர்க்கரையைக் கப்பில் அளக்காதீர்கள். பரும்படியான சர்க்கரை ஒரு கப் ஏறக்குறைய 200 கிராம். அரைத்த பிறகு அதே கப்பில் பிடிக்கும் எடை மாறிவிடும். 200 கிராம் நிறுத்து அரையுங்கள், கப்பை மறந்துவிடுங்கள். இந்த இழையில் இனி நான் கிராம் தவிர வேறெதுவும் எழுதப்போவதில்லை. (தேன் பற்றி எழுதும்போது இந்த வாக்கை மீறுவேன் என்று இப்போதே தெரிகிறது.)

ஜனவரி 13

இரண்டு மடங்கு வேகம் என்ற கதையைச் சோதித்துப் பார்த்தேன். நான்கு கண்ணாடி டம்ளர், ஒவ்வொன்றிலும் 100 மில்லி வெதுவெதுப்பான தண்ணீர், 3 கிராம் உலர் ஈஸ்ட். முதலாவதில் வெள்ளை, இரண்டாவதில் ஆர்கானிக், மூன்றாவதில் மொலாசஸ் நிறைந்த கருஞ்சர்க்கரை, எல்லாம் 5 கிராம். நான்காவதில் ஸ்டீவியா, இலையிலிருந்து எடுக்கும் சர்க்கரையில்லா இனிப்பு.

கால் மணி நேரத்தில் முதல் மூன்றும் ஒரே உயரத்துக்கு நுரைத்தன. கருஞ்சர்க்கரை டம்ளர் பார்க்க அழகாக இருந்தது, அவ்வளவுதான். ஸ்டீவியா டம்ளரில் ஈஸ்ட் கரைந்து சேறு மாதிரி கிடந்தது. இனிக்கும், ஆனால் ஈஸ்டுக்குச் சாப்பாடு இல்லை.

ஈஸ்ட் சுக்ரோஸை அப்படியே விழுங்குவதும் இல்லை. இன்வர்டேஸ் என்ற நொதியைக் கொண்டு வெளியிலேயே குளுக்கோஸாகவும் ஃபிரக்டோஸாகவும் உடைத்து உள்ளே எடுத்துக்கொள்கிறது. உடைந்த பிறகு எது எந்த வயலிலிருந்து வந்தது என்று அதற்கு எப்படித் தெரியும்?

இன்னொன்று: சாதாரண ரொட்டிக்குச் சர்க்கரையே தேவையில்லை. மாவில் இருக்கும் அமிலேஸ் மாவுச்சத்தை உடைத்து மால்டோஸ் தந்துகொண்டே இருக்கும். ஈஸ்ட் உயிரோடு இருக்கிறதா என்று பார்க்கத்தான் அந்த ஒரு சிட்டிகை.

ஜனவரி 14

நேற்று "வித்தியாசமே இல்லை" என்ற தொனியில் முடித்துவிட்டேன். ஒருவர் இனிப்பு பன் படத்தைப் போட்டு, மூன்று மணி நேரம் ஆகியும் மாவு எழும்பவில்லை, அப்படியானால் இது என்ன என்று கேட்டிருக்கிறார். சரி, மாட்டிக்கொண்டேன்.

என் டம்ளரில் இருந்தது 5 கிராம். அவர் 500 கிராம் மாவுக்கு 110 கிராம் போட்டிருக்கிறார், அதாவது மாவின் எடையில் 22 சதவீதம். அளவோடு இருக்கும்வரை சர்க்கரை ஈஸ்டுக்கு உணவு. 10 சதவீதத்தைத் தாண்டினால் தண்ணீரைத் தன் பக்கம் இழுத்துவைத்துக்கொண்டு ஈஸ்டைக் காயப்போட ஆரம்பிக்கும். ஊறுகாயில் உப்பு செய்கிற அதே வேலை. இதில் வெள்ளை, ஆர்கானிக் பேதம் கிடையாது. தேனுக்கு மாறியும் தப்பிக்க முடியாது.

செய்யக்கூடியவை: இனிப்பு மாவுக்கென்றே விற்கும் ஈஸ்ட் வாங்கலாம். இல்லாவிட்டால் ஈஸ்டை ஒன்றரை மடங்காக்கிப் பொறுமையாக இருக்கலாம். நான் பாதிச் சர்க்கரையைப் பிசையும்போது போட்டு, மீதியை மாவு ஒருமுறை எழும்பிய பிறகு சேர்ப்பேன். சேர்த்தவுடன் மாவு சொதசொதவென்று ஆகும். பயப்பட வேண்டாம், சர்க்கரை கரைந்து நீர் விடுகிறது, பிசையப் பிசைய இறுகும். முதல் தடவை நான் பயந்துபோய் ஒரு கை மாவு தூவினேன். அந்த பன்னை எறிந்திருந்தால் ஜன்னல் உடைந்திருக்கும்.

ஜனவரி 22

தேன். வாக்கை மீறும் நாள் வந்துவிட்டது.

ஒரு கப் சர்க்கரைக்கு முக்கால் கப் தேன், செய்முறையில் உள்ள திரவத்தில் கால் கப் குறைப்பு, அரை டீஸ்பூனுக்குள் சமையல் சோடா, ஓவன் சூடு 15 டிகிரி கம்மி. இதை எல்லாரும் சொல்வார்கள். ஏன் என்று தெரிந்தால்தான் கை நிற்கும்.

தேனில் 17, 18 சதவீதம் தண்ணீர், அதனால் திரவக் குறைப்பு. தேன் புளிப்பானது, பிஎச் 4க்குப் பக்கத்தில் இருக்கும், அதனால் சோடா. தேனில் பெரும்பகுதி ஏற்கெனவே உடைந்த குளுக்கோஸும் ஃபிரக்டோஸும், அதில் ஃபிரக்டோஸ் கை கொஞ்சம் ஓங்கியிருக்கும். ஃபிரக்டோஸ் 110 டிகிரி வாக்கிலேயே கருக ஆரம்பிக்கும், சுக்ரோஸ் 160 வரை தாங்கும். தவிர, உடைந்த சர்க்கரைகள் மாவின் புரதத்தோடு நேரடியாகச் சேர்ந்து நிறம் தரும். மையார் வினை என்பது அதுதான், 1912இல் லூயி கமீல் மையார் விவரித்தது. சுக்ரோஸால் உடையாமல் அதில் நேரடியாகக் கலந்துகொள்ள முடியாது. ஆக, தேன் கேக் உள்ளே வேகுவதற்குள் வெளியே கறுத்துவிடும்.

எனக்கு இது பாடமானது ஒரு பிறந்தநாளில். 180 டிகிரியில் சர்க்கரை கேக்கைப் போலவே வைத்தேன். மேலே கரி, நடுவில் கூழ். மேலோட்டைச் சீவி எடுத்து, கூழை வழித்துக் கிண்ணத்தில் போட்டு "புட்டிங்" என்று பெயர் வைத்துப் பரிமாறினேன். செய்முறை கேட்டார்கள்!

ஒரு வயதுக்குக் குறைந்த குழந்தைக்குத் தேன் கூடாது. பாட்டுலிசம் கிருமியின் வித்துகள் அதில் இருக்கலாம், கேக் வேகும் சூட்டில் அவை சாகும் என்று நம்ப முடியாது. இதில் மட்டும் விளையாட்டு வேண்டாம்.

பிப்ரவரி 2

சர்க்கரையில்லா இனிப்புகளைப் பற்றி நிறையப் பேர் கேட்டாகிவிட்டது.

ஸ்டீவியாவின் இனிப்புப் பொருள்கள் சர்க்கரையைவிட 200 முதல் 300 மடங்கு இனிப்பு. சரி, 200 கிராம் சர்க்கரைக்குப் பதில் ஒரு கிராமுக்கும் குறைவாகப் போட்டால் போதும் என்று கணக்குப் போட்டு கேக் செய்தேன். அப்படியானால் அந்த 199 கிராம் எங்கே போயிற்று? கேக்கிலிருந்து போயிற்று. சர்க்கரை அங்கே ஈரத்தைப் பிடித்து வைத்திருந்தது, மாவுச்சத்து இறுகும் சூட்டை உயர்த்தி கேக் எழும்ப நேரம் கொடுத்தது, மாவின் புரதமான குளூட்டன் முறுக்கிக்கொள்ளாமல் பார்த்துக்கொண்டது. அதெல்லாம் போய் எனக்குக் கிடைத்தது வெளிறிய, இனிக்கிற, கடிக்க முடியாத ஒரு வட்டம்.

எரித்ரிட்டாலுக்குக் கனம் உண்டு, இனிப்பு சர்க்கரையில் 60, 70 சதவீதம். ஆனால் ஆறியதும் மறுபடி படிகமாகும். மறுநாள் குக்கீ பல்லில் நறநறக்கும். நாக்கில் புதினா மாதிரி ஒரு குளிர்ச்சி வேறு. சாக்லேட் கேக்கில் பரவாயில்லை. வெண்ணிலாவில் பல் துலக்கிவிட்டுச் சாப்பிட்டதுபோல் இருந்தது. பொடித்துப் போட்டால் நறநறப்பு குறையும், குளிர்ச்சி போகாது. ஈஸ்ட் இதைத் தொடாது.

அஸ்பார்ட்டேம் நீண்ட நேரச் சூட்டில் உடைந்து இனிப்பை இழக்கும். ஆறிய பாலாடை மாதிரியானவற்றுக்குச் சரி, ஓவனுக்கு வேண்டாம். சைலிட்டால் வாங்கினால் நாய் எட்டாத இடத்தில் வையுங்கள். நாய்க்கு அது விஷம், சிறிய அளவே ரத்தச் சர்க்கரையைப் பாதாளத்துக்குக் கொண்டுபோய்விடும். தரையில் விழுந்த ஒரு குக்கீ போதும்.

பிப்ரவரி 3

நேற்றைய குறிப்பு பயமுறுத்திவிட்டதாம். அப்படியானால் ஒரு கதை. சாக்கரினைக் கண்டுபிடித்தவர் கான்ஸ்டன்டின் ஃபால்பெர்க். 1879இல் ஆய்வகத்திலிருந்து கை கழுவாமல் சாப்பிட உட்கார்ந்தார், ரொட்டி இனித்தது, ஏனென்று தேடிப் போனார். சுக்ரலோஸ் 1976இல் லண்டனில்: சசிகாந்த் பட்னிஸ் என்ற இளம் ஆய்வாளரிடம் அந்தப் பொருளை டெஸ்ட் செய்யச் சொன்னார்கள், அவர் காதில் டேஸ்ட் என்று விழுந்தது, நாக்கில் வைத்துவிட்டார்.

இனிப்பு வரலாற்றில் பாதி, ஆய்வக ஒழுக்கம் இல்லாதவர்களால் எழுதப்பட்டது. நம் சமையலறைக்கு இதைவிடப் பெரிய ஆறுதல் வேண்டுமா?

பிப்ரவரி 19

நீர் கெஃபிர் (மணிமணியான நுண்ணுயிர்க் கட்டிகளைச் சர்க்கரைத் தண்ணீரில் போட்டுப் புளிக்கவைக்கும் பானம்) விஷயத்தில் நான் தப்பாகச் சொல்லியிருக்கிறேன். தனியாகக் கேட்ட ஒருவரிடம் "நீர் கெஃபிருக்குத் தேன் போட்டால் என்ன, எல்லாம் சர்க்கரைதானே" என்று பதில் எழுதினேன். அவர் பிறகு மூன்று வாரமாக மணிகள் பெருகவே இல்லை என்றார். நானும் ஒரு ஜாடி வைத்துப் பார்த்தேன். புளித்தது, குமிழி வந்தது, மணி மட்டும் வளரவில்லை.

யோசித்தால் காரணம் எளிது. நீர் கெஃபிர் மணி என்பது டெக்ஸ்ட்ரான் என்ற பசைப் பொருள். அதில் குடியிருக்கும் பாக்டீரியா அதைச் சுக்ரோஸிலிருந்துதான் கட்டும். சுக்ரோஸ் மூலக்கூறை உடைக்கும்போது கிடைக்கும் ஆற்றலில்தான் குளுக்கோஸைக் கோத்துச் சங்கிலியாக்குகிறது. ஏற்கெனவே உடைந்த தேனில் அந்த ஆற்றல் இல்லை. செங்கல் இருக்கிறது, சிமென்ட் இல்லை. கொம்புச்சா தாய் வேறு வகை, அது செல்லுலோஸ், உடைந்த குளுக்கோஸிலும் வளரும். இரண்டையும் ஒன்றாக நினைத்தது என் தப்பு.

ஜனவரி 9ஆம் தேதி தாதுச்சத்தைக் கேலி செய்ததையும் இங்கே பாதி திரும்பப் பெறுகிறேன். ரொட்டியில் ஈஸ்டுக்கு வேண்டியதெல்லாம் மாவிலேயே இருக்கிறது. கொம்புச்சாவில் தேயிலை தருகிறது. நீர் கெஃபிரிலோ வெறும் தண்ணீரும் சர்க்கரையும்தான். சுத்திகரித்த தண்ணீர், வெள்ளைச் சர்க்கரை என்று தொடர்ந்து வைத்தால் மணிகள் சோர்ந்துபோகும். அங்கே கருஞ்சர்க்கரையோ, கால் டீஸ்பூன் மொலாசஸோ, நான்கு உலர்திராட்சையோ உண்மையில் உதவுகிறது. வெளிர் ஆர்கானிக் சர்க்கரை அதற்குப் போதாது. பழுப்பு அடர்த்தியாக இருக்க வேண்டும்.

தேனில் மது காய்ச்சுகிறவர்களுக்கும் இதே பிரச்சினை. தேனில் சர்க்கரை ஏராளம், நைட்ரஜன் சொற்பம். ஈஸ்ட் பாதியில் நின்றுவிடும், தனியாக ஊட்டம் போட வேண்டும்.

பிப்ரவரி 20

கொம்புச்சாவில் சர்க்கரையைக் கால்வாசியாகக் குறைக்கலாமா என்று கேட்டவருக்கு: லிட்டருக்கு 50 முதல் 70 கிராம்தான் வழக்கம். நான் 55 போடுகிறேன். 40 வரை இறங்கிப் பார்த்தேன், மெதுவாகப் புளித்தது, தாய் மெலிந்தது. 15 கிராமில் அது போதுமான அமிலத்தை உண்டாக்காது, அமிலம் இல்லாவிட்டால் பூஞ்சைக்குக் கதவு திறந்தே இருக்கும். இனிப்பு வேண்டாமென்றால் போடுவதைக் குறைக்காதீர்கள், இன்னும் சில நாள் விடுங்கள். அப்போதும் சர்க்கரை முழுக்கத் தீராது. சர்க்கரை நோய் உள்ளவர்கள் "அதுதான் புளித்துவிட்டதே" என்று குடித்துவிட வேண்டாம்.

கருஞ்சர்க்கரையில் வைத்த கொம்புச்சா எனக்குப் பிடிக்கவில்லை. பழைய இரும்பு நாக்கில் பட்டதுபோல் ஒரு வாசம். இது ருசி விஷயம், சண்டைக்கு வர வேண்டாம்.

மார்ச் 8

நுரை வருவதற்காகச் சர்க்கரை போட்டு மூடி வைத்த கொம்புச்சா பாட்டில் வெடித்தது. யாருக்கும் ஒன்றுமில்லை. அலமாரிக்குள் இருந்ததால் கதவு அடி வாங்கிக்கொண்டது.

என் கணக்கைப் போட்டுவிடுகிறேன், திட்டுங்கள். ஒரு கிராம் சர்க்கரை முழுக்கப் புளித்தால் ஏறக்குறைய அரை கிராம் கரியமில வாயு. லிட்டருக்கு 4 கிராம் சர்க்கரை, திரவத்தின் கொள்ளளவுக்குச் சமமான வாயுவைத் தரும். அதைப்போல் இரண்டு, இரண்டரை மடங்கு வாயு என்றால் சாதாரண பியர் அளவு நுரை. ஆகவே அரை லிட்டர் பாட்டிலுக்கு ஒரு டீஸ்பூன், அதாவது 4 கிராம், நன்றாகவே போதும்.

நான் போட்டது இரண்டு டீஸ்பூன். அதற்குமேல் "ருசிக்காக" 120 மில்லி திராட்சைச் சாறு. சாற்றில் நூற்றுக்கு 15 கிராமுக்குப் பக்கத்தில் சர்க்கரை இருக்கும் என்பதைக் கணக்கிலேயே எடுக்கவில்லை. கூட்டினால் 26 கிராம். லிட்டருக்கு 52, அதாவது 13 மடங்கு வாயுவுக்கு வழி. அதோடு கொம்புச்சாவில் மிச்சமிருந்த சர்க்கரை. பாட்டில் பாவம்.

சாறு, பழத்துண்டு, தேன் எல்லாமே சர்க்கரைதான். "இயற்கையானது" என்பதால் வாயு குறைவாக வராது. இப்போது ஒரு பிளாஸ்டிக் பாட்டிலையும் கூடவே நிரப்பி வைக்கிறேன். அது அமுக்க முடியாமல் இறுகினால் எல்லாவற்றையும் குளிர்பெட்டிக்குள் தள்ளிவிடுவேன்.

மார்ச் 9

ஸ்டீவியாவோ எரித்ரிட்டாலோ போட்டு பாட்டிலில் இனிப்பையும் வைத்துக்கொள்ளலாமா? தாராளமாக. இங்கே அவை நன்றாகப் பொருந்துகின்றன, ஈஸ்ட் தொடாததால் இனிப்பு அப்படியே நிற்கும், வாயுவும் கூடாது. கேக்கில் அவற்றைத் திட்டியதற்கு ஈடாக இதைச் சொல்லிவிடுகிறேன்.

மார்ச் 27

முதல் கேள்வி கேட்டவர் திரும்ப வந்திருக்கிறார். சர்க்கரையை அரைத்தாராம், புள்ளி போய்விட்டது, இப்போது கேக் நடுவில் குழி விழுகிறதாம். எவ்வளவு நேரம் அரைத்தீர்கள் என்று கேட்டேன். "நைஸாக, பவுடர் மாதிரி, இரண்டு நிமிடம்." நான்கைந்து சுற்று என்று எழுதியிருந்தேனே! பவுடரான பிறகு கீறுவதற்கு முனை ஏது? மறுபடி குமிழி போயிற்று.

இன்னொரு சந்தேகம்: அவருடைய குக்கீ செய்முறையில் கருஞ்சர்க்கரையும் சோடாவும் மட்டும் இருக்கின்றன, அதற்கும் ஆர்கானிக் சர்க்கரையைப் போட்டிருக்கிறார். சோடாவுக்கு வேண்டிய புளிப்பு கருஞ்சர்க்கரையின் மொலாசஸிலிருந்துதான் வந்துகொண்டிருந்தது. அது போனால் குக்கீ சோப்பு மாதிரி கசக்கும். ஒரு மேசைக்கரண்டி மொலாசஸை 200 கிராம் சர்க்கரையில் பிசிறிச் சேர்த்தால் கருஞ்சர்க்கரையும் அதன் புளிப்பும் திரும்பக் கிடைக்கும்.

மார்ச் 30

நேற்று இரண்டு வகைச் சர்க்கரையையும் மொத்தமாக அரைத்து ஒரே மாதிரியான இரண்டு டப்பாவில் போட்டேன். அரைத்தால் ஆர்கானிக்கின் பொன்னிறம் வெளுத்துவிடுகிறது. பெயர் ஒட்ட மறந்துவிட்டேன். காலையில் இரண்டையும் மோந்தேன், நக்கினேன், விளக்கடியில் பிடித்துப் பார்த்தேன். ஒன்றில் லேசாக மொலாசஸ் வாசம் வருவதுபோல் இருந்தது. மகளைக் கூப்பிட்டேன், அவள் மற்றதைக் காட்டினாள்.

கடைசியில் இடப்பக்கம் இருந்ததை எடுத்து ரொட்டிக்குப் போட்டேன். மாவு எழும்பிவிட்டது, ஓவனில் இருக்கிறது. அவள் மட்டும் தொடமாட்டேன் என்கிறாள்.